மணல் தூசு: முகமூடிக்கு முன்னே தண்ணீர் கேட்போம்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் வாசகம்)



பால்மரம் வெட்டுகிறவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் கூடியிருக்கும் இந்தக் கூட்டத்தில் மணலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. லயத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பிரட்டுக் களத்துக்குப் போகாமல் ஆலை வாசலுக்குப் போனார்கள். கண்ணாடி ஆலை, இரும்பு வார்ப்புப் பட்டறை, செங்கல் சூளை, கல் குவாரி, கப்பல் பழுது பார்க்கும் துறை, கட்டட வேலை ஆகிய எல்லா இடங்களிலும் இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அங்கெல்லாம் சிலிகா மணலோ, அந்த மணலின் இனத்தைச் சேர்ந்த கல்லோ புழங்குகிறது.

பால் வெட்டும் கத்தி கையில் பட்டால் உடனே ரத்தம் வரும். நாமும் உடனே கட்டுப்போடுவோம். மணல் தூசு அப்படிப்பட்டதல்ல. இன்று உள்ளே போகும், வலிக்காது, எரியாது. பத்து ஆண்டோ இருபது ஆண்டோ கழித்து மூச்சைப் பிடிக்கும். அந்த நேரம் வேலை கொடுத்த ஆலை இருக்குமோ இருக்காதோ, யார் கண்டது? ஆகையால் நோய் வந்தபின் அழுவதைவிட, தூசு எழும்புமுன் பேசுவதே புத்திசாலித்தனம். அதற்காகவே இந்தப் பேச்சு.

மணல் எது, தூசு எது?

சிலிகா மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லின் துகள். நம் நாட்டில் ஜொகூர், திரங்கானு, சரவாக் முதலிய இடங்களில் இது இயற்கையாகக் கிடக்கிறது. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய பிறகு எஞ்சிய மணல்மேடுகளிலும் இருக்கிறது. கண்ணாடி செய்ய இது வேண்டும். இரும்பு வார்க்கும் அச்சுக்கு இது வேண்டும். நீர் வடிகட்டவும் இது வேண்டும். ஆகவே மணலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

கடற்கரை மணலில் குழந்தை விளையாடினால் ஆபத்தா என்று தாய்மார்கள் பயப்பட வேண்டாம். முழு மணல் பருமனானது. காற்றில் பறந்தாலும் மூக்கிலேயே தங்கிவிடும். தும்மினால் வெளியே வந்துவிடும். ஆபத்து எப்போது பிறக்கிறது? மணல் உடையும்போது, அரைபடும்போது, சலிக்கப்படும்போது, அழுத்தக் காற்றில் பீய்ச்சப்படும்போது. அப்போது எழும்பும் தூசில் 10 மைக்ரோனுக்கும் குறைந்த துகள்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிப்பே 50 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும். முடியின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத துகளை எந்தக் கண் காணும்?

இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. வெள்ளையாய்ப் புகைபோல் எழும்பும் தூசைப் பார்த்து நாம் ஒதுங்குகிறோம். கொஞ்ச நேரத்தில் அது அடங்குகிறது. "தூசு போய்விட்டது" என்று சொல்லித் துண்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம். அடங்கியது பெருந்தூசு. நுண்தூசு இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. காற்று அசையாத கொட்டகையில் ஒரு மைக்ரோன் பருமனுள்ள மணல் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஐந்து மணி நேரம் போல ஆகும். காலையில் எழுப்பிய தூசைச் சாப்பாட்டு நேரத்திலும் சுவாசிக்கிறோம் என்று அர்த்தம்.

மணலை மாவாக அரைத்து விற்பதும் உண்டு. அதைச் சிலிகா மாவு என்பார்கள். மணலிலும் கொடியது அது. புதிதாக உடைந்த துகள் பழைய துகளைவிட அதிகமாக நுரையீரலைக் கெடுக்கும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நம் ரப்பரோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். டயருக்கும் செருப்பு அடித்தோலுக்கும் ரப்பரோடு ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்க்கிறார்கள். அதற்கும் சிலிகா என்றுதான் பெயர். ஆனால் அது ரசாயன முறையில் செய்த படிகமில்லாத சிலிகா. படிகச் சிலிகா கொடுக்கும் நோயை அது கொடுப்பதாகக் காணப்படவில்லை. அதற்காக அந்தத் தூசை விழுங்கலாம் என்பதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

தோட்டத்து ஆலையிலேயே இருப்பவர்களும் முழுக்கத் தப்பியவர்கள் அல்லர். அடுப்பிலும் கொதிகலனிலும் உள்ளே அடுக்கியிருக்கும் தீக்கற்களில் சிலிகா உண்டு. பல ஆண்டு சூட்டில் வெந்தபின் அதில் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட் என்னும் வேறொரு படிகமாக மாறிவிடும். பழைய கற்களை இடித்து எடுக்கும் நாளில் உலர்ந்த கல்லை அடித்து நொறுக்காமல் நனைத்து எடுக்க வேண்டும்.

உள்ளே போனால் என்ன செய்கிறது?

நுண்தூசு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. நம் உடம்பில் அழுக்கை விழுங்கி அப்புறப்படுத்தும் அணுக்கள் இருக்கின்றன. தோட்டத்தில் குப்பை அள்ளும் ஆள் மாதிரி. அந்த அணு மணல் துகளை விழுங்குகிறது. ஜீரணிக்க முடியாமல் தானே சாகிறது. துகள் மறுபடி வெளியே வருகிறது. அடுத்த அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. இந்தப் போராட்டத்தில் அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகிறது. மோசமாக வெட்டுப்பட்ட பால்மரத்தின் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்வதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டையில் பால் வராது. தழும்பேறிய நுரையீரலில் காற்று ஏறாது. இதற்குத்தான் சிலிகோசிஸ் என்று பெயர்.

சாதாரணமாக இந்த நோய் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசில் உழைத்தவர்களுக்கு வருகிறது. தூசு மிகுந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள்ளேயே வரும். மணல் பீய்ச்சும் வேலையிலும் சிலிகா மாவு ஆலையிலும் தூசு அளவு மீறிய இடங்களில் சில மாதங்களிலேயே வந்து ஆளை முடித்ததும் உண்டு.

ஆரம்பத்தில் ஓர் அடையாளமும் தெரியாது. பிறகு வறட்டு இருமல். மேடேறினால் மூச்சிரைப்பு. பிறகு சமதரையிலும் இரைப்பு, உடல் இளைப்பு. இதைச் சாதாரண இளைப்பு என்று எண்ணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு அதே தூசில் நிற்பவர்கள் உண்டு. தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வேலையை விட்டபின்னும் நோய் வளரக்கூடும்.

இது தனியாகவும் வருவதில்லை. மணல் தூசு ஏறிய நுரையீரலில் காசநோய் பல மடங்கு எளிதாகப் பற்றிக்கொள்ளும். 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலையிடங்களில் சுவாசிக்கும் படிகச் சிலிகா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்தது. சிறுநீரகக் கோளாறும் சிலவகை மூட்டுவாத நோயும்கூட இதோடு சம்பந்தப்பட்டவை. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெளிநாட்டு அனுபவம் சொல்லும் பாடம்

இந்த உண்மை நேற்று தெரிந்ததல்ல. கல் உடைப்போரின் நுரையீரல் நோயைப் பற்றி இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். தெரிந்தும் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

1930-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்தார்கள். மூன்று மைல் நீளம். அந்தப் பாறை பெரும்பாலும் சிலிகா. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். தெற்கேயிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளரே அங்கே அதிகம். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். ஆனால் வேலை தாமதப்படும் என்று உலர்ந்த பாறையையே துளைக்க வைத்தார்கள். சுரங்கத்துக்குள் ஏறக்குறைய 3,000 பேர் வேலை செய்தார்கள். 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரித்தபோது இறந்தவர்கள் 476 பேர் என்று கணக்குக் கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்த மார்ட்டின் செர்னியாக் என்ற வைத்தியர் 764 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அவர்களைக் கொன்றது மலை அல்ல, மிச்சப்படுத்திய தண்ணீர்.

இங்கிலாந்தில் வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவதை 1949-ல் விதி போட்டுத் தடுத்தார்கள். அதன்பின் அங்கே வேலை நின்றுவிடவில்லை. மணலுக்குப் பதில் இரும்புத் துகளை வைத்து வேலை நடந்தது. பல ஆண்டு கழித்து அதே மணல் துருக்கி நாட்டில் வேறு வேஷத்தில் வந்தது. புதிய ஜீன்ஸ் கால்சட்டையைப் பழசுபோல் வெளுக்க வைப்பதற்காகச் சின்னச் சின்னக் கொட்டகைகளில் இளம் பிள்ளைகள் துணியின்மேல் மணல் பீய்ச்சினார்கள். இருபது வயதுக்காரர்கள் மூச்சுத் திணறி இறந்த பிறகு, 2009-ல் அந்த அரசாங்கம் அதைத் தடை செய்தது.

சங்கங்கள் வென்ற கதையும் உண்டு. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிகா 90 விகிதத்துக்கு மேலும் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் அந்தக் கல்லை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்தார்கள். நோயுற்றவர்களும் வைத்தியர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து விடாமல் குரல் கொடுத்தார்கள். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தக் கல்லுக்கு அங்கே தடை.

நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே கருங்கல் குவாரிகளில் பாறை துளைத்தவர்களும் கல் நொறுக்கியவர்களும் இந்த நோய்க்கு ஆளானது வைத்தியர்களின் பதிவில் இருக்கிறது. ஆகவே இது வெள்ளைக்கார தேசத்து நோய் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

குவினைனா, வாய்க்காலா?

இனி, என்ன செய்வது என்பதற்கு வருவோம். இதில் நம் தோட்டச் சரித்திரமே நமக்குப் பாடப்புத்தகம்.

நம் பாட்டன்மார் காடழித்துக் கித்தா நட்ட காலத்தில் மலைக்காய்ச்சலில் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். விதி என்றார்கள், காட்டு நீரின் தோஷம் என்றார்கள். 1901 முதல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலங்களை வடியவைத்து வாய்க்கால் வெட்டச் செய்தார். கொசு பிறக்கும் இடம் போயிற்று, காய்ச்சல் குறைந்தது. குவினைன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாய்க்கால் வெட்டாமல் குவினைனை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், நம்மில் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருப்போம்?

மணல் தூசுக்கும் இதே நியாயம்தான். முகமூடி குவினைன் மாதிரி. தூசு எழும்பாமல் தடுப்பது வாய்க்கால் மாதிரி. முகமூடி மலிவு, வாய்க்காலுக்குச் செலவு உண்டு. அதனால்தான் பல இடங்களில் ஒரு பெட்டி முகமூடியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். களைக்கொல்லி தெளித்த நம் பெண்களுக்கு இந்தப் பாடம் தெரியும். வெயிலில் போட முடியாத முகமூடியைக் கொடுத்து, போடவில்லை என்று அவர்கள் மேலேயே குற்றம் சாட்டிய காலம் உண்டு. பாராகுவாட் மருந்தே 2020-ல் நம் நாட்டில் தடைபட்ட பிறகுதான் அந்த ஆபத்து வேரோடு போயிற்று.

ஆகவே நிர்வாகத்திடம் பேசும்போது கீழே சொல்லும் வரிசையிலேயே கேட்க வேண்டும்.

முதலாவது, மணலை மாற்ற முடியுமா? துருவெடுக்க மணல் பீய்ச்சுவதற்குப் பதில் இரும்புத் துகளோ கார்னெட் துகளோ வைத்துச் செய்யலாம். மாற்றக்கூடிய இடத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது, நனைக்க முடியுமா? கல் அறுக்கும் சக்கரத்திலும் துளைக்கும் கருவியிலும் நொறுக்கும் இயந்திரத்திலும் தண்ணீர் பாய வேண்டும். மணல் குவியலும் லாரி போகும் பாதையும் ஈரமாக இருக்க வேண்டும். நனைத்த சேறு காய்ந்தால் மறுபடி தூசாகிவிடும். ஆகையால் ஈரமாக இருக்கும்போதே வாரிவிட வேண்டும். மின்சாரக் கருவிக்குத் தண்ணீர் விடுவதென்றால் அதற்கென்றே செய்த கருவியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நனைக்க முடியாத இடத்தை மூட முடியுமா? கண்ணாடி ஆலையில் மணல் காய்ந்திருக்க வேண்டிய கட்டங்கள் உண்டு. அங்கே மணல் போகும் பட்டையையும் சல்லடையையும் மூடி, தூசு பிறக்கும் வாயிலேயே உறிஞ்சு குழாய் வைக்க வேண்டும். கொட்டகையின் மூலையில் ஒரு காற்றாடி சுழல்வது இதற்கு ஈடாகாது. அது தூசை ஒருவன் முகத்திலிருந்து இன்னொருவன் முகத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

நான்காவது, ஆளையும் நேரத்தையும் குறைக்க முடியுமா? தூசுள்ள இடத்தில் வேலையில்லாதவர் நிற்கக்கூடாது. மணல் வாரும் இயந்திரத்தை ஓட்டுபவருக்குக் கதவடைத்த, வடிகட்டிய காற்றுள்ள அறை வேண்டும்.

இத்தனையும் செய்தபின் எஞ்சும் தூசுக்குத்தான் முகமூடி.

கையாளும் முறை

தினசரி வேலையில் நாமே கடைப்பிடிக்க வேண்டியவையும் இருக்கின்றன.

உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. பெருக்குவது சுத்தம் செய்வதாகத் தோன்றும். உண்மையில் அடங்கிய தூசை மறுபடி எழுப்பி மூக்குக்கு அனுப்புகிறோம். தண்ணீர் தெளித்து வழிக்க வேண்டும். அல்லது நுண்தூசு பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சு இயந்திரம் வேண்டும். அழுத்தக் காற்றுக் குழாயை எடுத்துத் தரையையோ, இயந்திரத்தையோ, நம் சட்டையையோ ஊதக்கூடாது. மாலையில் வீடு போகுமுன் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது மிகவும் கெட்ட பழக்கம்.

மணல் மூட்டையை உயரத்திலிருந்து போடக்கூடாது. வாயை மெல்லப் பிரித்து, தாழ்வாகப் பிடித்துக் கொட்ட வேண்டும். காலிச் சாக்கை உதறக்கூடாது. உதறும் சாக்கில் உள்ளது வெறும் மாவுத் தூசு. நனைத்து மடித்து மூடிய பீப்பாயில் போட வேண்டும். கிழிந்த மூட்டையை அப்படியே தூக்காமல் இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும்.

தூசுள்ள இடத்தில் சாப்பாடும் வெற்றிலையும் சிகரெட்டும் கூடாது. கைமுகம் கழுவி, வேறு இடத்தில் போய் உண்ண வேண்டும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் வேலை உடுப்பு வீட்டுக்கு வரக்கூடாது. வேலையிடத்திலேயே குளித்து, மாற்றுடை உடுத்தி வர வசதி கேட்க வேண்டும். அந்த வசதி கிடைக்கும்வரை, அந்த உடுப்பை வீட்டுக்குள் உதறாமல் நேராகத் தண்ணீரில் போட்டு, மற்றத் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும்.

முகமூடியைப் பற்றி

துண்டும் கைக்குட்டையும் நுண்தூசைத் தடுக்கா. ஆஸ்பத்திரியில் கட்டும் மெல்லிய முகமூடியும் தடுக்காது. அது முகத்தோடு ஒட்டுவதில்லை. குறைந்தது என்-95 தரமாவது வேண்டும். அதுவும் முகத்தில் இடைவெளியில்லாமல் பதிய வேண்டும். தாடி இருந்தால் பதியாது. யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்று சோதித்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஈரமானதையும் அழுக்கேறியதையும் மாற்ற வேண்டும். மணல் பீய்ச்சும் வேலைக்கு என்-95 கொஞ்சமும் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் தலைக்கவசம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகள், வேலையிடக் காற்றில் சுவாசிக்கக்கூடிய குவார்ட்ஸ் தூசுக்கு எல்லை வைத்தன. எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். கிரிஸ்டோபலைட்டுக்கு அதில் பாதி. 0.1 மில்லிகிராம் எவ்வளவு என்று பாருங்கள். உழைக்கும் ஆள் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். அப்படியானால் நாளெல்லாம் சேர்ந்து 1 மில்லிகிராம். ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். இருபது நாளுக்கு ஓர் அரிசி எடைத் தூசு! அதற்கு மேல் போனால் எல்லை மீறியது. அமெரிக்கா 2016-ல் தன் எல்லையை 0.05 என்று இன்னும் பாதியாக்கியது. இந்த அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கருவி வைத்து அளக்க வேண்டும். அளந்தீர்களா, என்ன எண் வந்தது என்று கேட்பது நம் உரிமை.

அதே விதிகளின்படி, நோய் வரக்கூடிய அளவு தூசில் வேலை செய்பவரை 12 மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் வைத்தியர் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியரின் பாதுகாப்பு முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம் இன்னொரு வலிமையைத் தந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை இல்லாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம்.

நோய் வந்துவிட்டால் சொக்சோ இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் சொல்லப்பட்ட தொழில் நோய்களில் கல்தூசால் வரும் நுரையீரல் நோயும் ஒன்று. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவில் சேர்க்கப்பட்டார்கள். நம் பக்கத்தில் நின்று மணல் அள்ளும் வங்காளதேசத்துத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் மூச்சும் நம் மூச்சும் ஒரே காற்றுத்தான்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த நோயில் வழக்கு எங்கே தோற்கிறது தெரியுமா? கணக்குப் புத்தகத்தில். நோய் தெரியும்போது ஆள் நாலு ஆலை மாறியிருப்பார். எந்த வருஷம், எந்தப் பகுதியில், எந்தத் தூசில் நின்றார் என்பதற்குக் காகிதம் இருக்காது. ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு நின்றவருக்குப் பெயரே இருக்காது. ஆகையால், யாரை எந்த வேலையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை போட்டார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். "பொது வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். தொழிலாளரும் தம் பங்குக்குச் சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே படம், பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் வையுங்கள். டாக்டரிடம் போனால் இருமலை மட்டும் சொல்லாமல் செய்த வேலையையும் சொல்லுங்கள். தொழில் நோயென்று கண்டால் அதை இலாக்காவுக்கு அறிவிப்பது வைத்தியரின் சட்டக் கடமை.

இன்னோர் உதவியும் கிராணிமாரால் முடியும். மூட்டையோடு பாதுகாப்புத் தகவல் தாள் வர வேண்டும் என்றும், அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அதை வாங்கிக் கோப்பில் போட்டுப் பூட்டாமல் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் என்ற பெயரோ, 14808-60-7 என்ற எண்ணோ இருந்தால் அது படிகச் சிலிகா. பையின்மேல் மனித மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோல் ஓர் அடையாளம் இருந்தால், உள்ளுறுப்பைக் கெடுக்கும் நீண்டகால ஆபத்து என்று பொருள்.

நம் கோரிக்கைகள்

தோழர்களே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். மணல் புழங்கும் இடத்தில் வேலை செய்யும் ஒவ்வோர் அங்கத்தினரும், அங்கத்தினரின் பிள்ளையும், இவற்றைப் பாதுகாப்புக் குழுவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

1. காற்றிலுள்ள தூசை அளந்து, வந்த எண்ணை எல்லோரும் காணும்படி ஒட்ட வேண்டும்.

2. மணல் பீய்ச்சும் வேலையில் மணலுக்குப் பதில் வேறு பொருள் வைக்க வேண்டும்.

3. அறுப்பு, துளைப்பு, நொறுக்கு வேலைகளில் தண்ணீரும், உலர் வேலையில் மூடியும் உறிஞ்சு குழாயும் வேண்டும்.

4. உலர் பெருக்கலையும் அழுத்தக் காற்றால் ஊதுவதையும் நிறுத்த வேண்டும்.

5. குளிக்கும் இடமும் உடுப்பு துவைக்கும் வசதியும் வேலையிடத்திலேயே வேண்டும்.

6. பொருந்தும் முகமூடியைக் காசு பிடிக்காமல் கொடுக்க வேண்டும்.

7. வேலைக்குச் சேரும்போதும் பிறகு காலாகாலத்திலும் எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்து, அதன் நகலைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

8. ஒப்பந்தத் தொழிலாளரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் இவை எல்லாவற்றிலும் சேர வேண்டும்.

ஒருவர் கேட்டால் வாயாடி என்பார்கள். ஐம்பது பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் கூட்டம் போட்டுப் பதில் சொல்வார்கள். 1995-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் உலகச் சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து, 2030-க்குள் இந்த நோயை உலகத்திலிருந்து ஒழிப்பதென்று திட்டம் போட்டன. அந்த ஆண்டு நெருங்கிவிட்டது. நோய் இன்னும் இருக்கிறது. ஜெனீவாவில் போட்ட தீர்மானம் நம் கொட்டகைக்குத் தானாக நடந்து வராது. அதை இழுத்து வருவது நம் வேலை.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். மணல் வேலைக்குப் போகும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறானோ, அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கண் மங்கிய பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில், எத்தனை இடத்தில் தண்ணீர் கேட்டோம், எத்தனை இடத்தில் கிடைத்தது என்ற கணக்கோடு வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!